ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்ளலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கோவையில் சின்ன இன்ஜினியரிங் பட்டறை, பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். வேலை செய்கிறவர்கள் 12 பேர், பதிவேட்டில் இருப்பது 9 பேர். பெரிய ஆர்டர் ஒன்று வருகிறது, எடுத்தால் இன்னும் 8 பேர் வேண்டும். பி.எஃப். (சேமநல நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), போதாததற்குப் புதிய தொழிலாளர் சட்டங்கள், இதெல்லாம் சேர்ந்தால் தொழில் தாங்காது, பேசாமல் ஆர்டரை விட்டுவிட்டு ஒன்பது பேர் கணக்கிலேயே ஓட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். சிறு பட்டறைகளுக்குச் சம்பளப் பதிவேடு எழுதுவது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் போட்டுக் கொடுப்பது, 20 வருடத்துக்கு மேலாக இதுதான் என் வேலை. ஒன்பது பேரிலேயே நின்றுபோன பட்டறைகளையும் பார்த்திருக்கிறேன், 40 பேராக வளர்ந்தவற்றையும் பார்த்திருக்கிறேன். நின்றவர்கள் எல்லாரும் சொன்ன காரணம் நீங்கள் சொல்வதுதான். ஆனால் அவர்கள் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் பணம் போன வழி வேறாக இருக்கும்.

சரி, கணக்கையே போட்டுப் பார்த்துவிடுவோம். ஆளுக்கு மாதம் 15,000 சம்பளம் என்று வையுங்கள். இ.எஸ்.ஐ.க்கு முதலாளி கட்டுவது 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. 2019 ஜூலைக்கு முன்னால் இது 4.75, 1.75 என்று இருந்தது, குறைத்துவிட்டார்கள். இப்போது ஒரு ஆளுக்கு உங்கள் பங்கு 487 ரூபாய் 50 காசு, 12 பேருக்கும் சேர்த்து மாதம் 5,850. பத்துப் பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. கட்டாயம், ஆகவே இது இன்றைக்கே நீங்கள் கட்டியிருக்க வேண்டியது. பி.எஃப். 20 பேர் ஆனதும்தான் கட்டாயம். 12 சதவீதம் பங்களிப்பு, அதோடு காப்பீட்டுக்கு அரை, நிர்வாகச் செலவுக்கு அரை, மொத்தம் 13. ஒரு ஆளுக்கு 1,950, 20 பேருக்கு 39,000. அப்போது இ.எஸ்.ஐ. 9,750 ஆகிவிடும். இரண்டும் சேர்த்து மாதம் 48,750. சின்னத் தொகை இல்லை, நான் ஒன்றும் மறைக்கவில்லை.

இப்போது இன்னொரு பக்கம். நீங்கள் மாதம் 4 லட்சத்துக்கு பில் போடுகிறீர்கள், பணம் 90 நாள் கழித்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 90 நாள் என்பது இந்தத் தொழிலில் யாரும் ஆச்சரியப்படுகிற விஷயம் இல்லை, 120 நாள் வரை இழுக்கிறவர்களும் இருக்கிறார்கள். எந்த நேரத்தில் பார்த்தாலும் உங்கள் காசு 12 லட்சம் வெளியே நிற்கிறது. அந்த 12 லட்சத்துக்கு நீங்கள் ரெண்டு வட்டிக்கு வாங்கி ஓட்டினால் மாதம் 24,000 வட்டி. கொஞ்சம் வங்கி ஓவர்டிராஃப்ட் (ஓ.டி.), கொஞ்சம் கைமாற்று என்றால் குறையும், ஆனால் நான் பார்த்த பாதிப் பட்டறைகளில் ஓ.டி. முழுதாக நிரம்பி, மேலே கைமாற்றுதான் ஓடுகிறது. 20 பேர் ஆகி பில் 7 லட்சம் ஆனால் வெளியே நிற்பது 21 லட்சம், வட்டி 42,000. அதாவது 20 பேருக்குக் கட்டும் பி.எஃப்.பை விட அதிகம். இந்த 42,000-ஐ யாரும் 'தொழில் தாங்காது' என்று சொல்லிப் புலம்புவதில்லை, ஏனென்றால் இது சலான் போட்டு வருவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது.

இதோடு ஜி.எஸ்.டி. வேறு. பில் போட்டாலே அடுத்த மாதம் வரி கட்டியாக வேண்டும், உங்களுக்குக் காசு வந்ததா இல்லையா என்று கேட்க மாட்டார்கள். 4 லட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் 72,000. ஜாப் ஒர்க்கில் பெரும்பாலும் கம்பெனியே இரும்பைக் கொடுத்துவிடுவதால் கழித்துக்கொள்ள உங்களிடம் உள்ளீட்டு வரியும் (நீங்கள் சரக்கு வாங்கும்போது கட்டிய வரி) அதிகம் இருக்காது. வாங்கியவர் கொடுக்காத காசுக்கு நீங்கள் முன்கூட்டி வரி கட்டுகிறீர்கள், அவரோ அந்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்கிறார். 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் கொடுக்காவிட்டால் கழித்ததைத் திருப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் 180 நாள் என்பது ஆறு மாதம்.

இந்தப் பக்கத்தை எத்தனையோ சனிக்கிழமைகளில் நேரில் பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். நம் ஊர்ப் பட்டறைகளில் வாரச் சம்பளம். சாயந்திரம் ஆறு மணிக்கு லேத்தை நிறுத்தி, சோப்புப் பவுடரும் மரத்தூளும் போட்டு கையில் இருக்கிற எண்ணெயைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஆட்கள் ஒவ்வொருவராக ஆபீஸ் ரூம் வாசலில் வந்து நிற்பார்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். முதலாளி உள்ளே போனில் இருப்பார். அந்தப் பக்கம் கம்பெனியின் அக்கவுண்ட்ஸில் இருந்து, "செக் ரெடிங்க, கையெழுத்துதான் ஆகல, சார் ஊர்ல இல்ல, செவ்வாய்க்கிழமை வாங்க" என்று பதில் வரும். அவர் வெளியே வந்து, "இந்த வாரம் பாதி வாங்கிக்கங்கப்பா, மீதி புதன்கிழமை" என்பார். வாசலில் நிற்கிறவருடைய பாக்கியும் உள்ளே போனில் இருக்கிறவருடைய பாக்கியும் ஒரே பணம்தான். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் சண்டை என்று பேசுகிறவர்கள் அந்த வாசலில் ஒரு சனிக்கிழமை நின்று பார்த்திருந்தால் நன்றாக இருக்கும்.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், நல்ல சட்டமே இருக்கிறது. 2006-இல் வந்த குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், ஆனால் எப்படிப் போட்டாலும் 45 நாளைத் தாண்டாமல், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். கம்பெனி தன் பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று அச்சடித்துக் கொடுத்து நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த 90 செல்லாது, 45-தான் கணக்கு. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டிய வட்டிக்கு வட்டி. அந்த விகிதம் 6.75 ஆக இருந்த 2023, 2024 காலத்தில் இது வருடத்துக்கு 20.25 சதவீதம் வந்தது. கொடுக்காதவர் மேல் மாநில அரசின் வசதியாக்க மன்றத்தில் புகார் செய்யலாம், 2017-இல் இருந்து சமாதான் இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். மன்றம் உங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லி, கம்பெனி அதை எதிர்த்து நீதிமன்றம் போக வேண்டுமென்றால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்பணமாகக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இவ்வளவு பலமான சட்டம்.

அப்புறம் ஏன் வேலை செய்யவில்லை? யாரும் புகார் கொடுப்பதில்லை, அதனால். கொடுத்தால் அந்தக் கம்பெனியில் இருந்து அடுத்த ஆர்டர் வராது. நான் பார்த்த வரைக்கும் சமாதானில் பதிவு செய்கிறவர்கள் அந்த வாடிக்கையாளரோடு ஏற்கனவே உறவு முறிந்துபோனவர்கள்தான். ஓடிக்கொண்டிருக்கிற உறவில் சட்டத்தைக் கையில் எடுக்க ஒரு சின்னப் பட்டறைக்காரருக்குத் தைரியம் வராது, வராததில் தப்பும் இல்லை.

புகார் கொடுக்காமலே வேலை செய்கிற ஒரு விதி 2023-இல் வந்தது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் (எச்) என்று ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள், 2024 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தாலும் 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டுக் கணக்குக்கே பொருந்தியது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவைத் தாண்டியும் கொடுக்காமல் வைத்திருக்கிற பணத்தைக் கொடுக்கிற வருடத்தில்தான் செலவாகக் காட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அது. அதாவது மார்ச் 31 அன்று உங்கள் பாக்கி கெடு தாண்டி நின்றால், அந்தத் தொகைக்குக் கம்பெனி வரி கட்ட வேண்டியிருக்கும். இது நல்ல யோசனை, ஏனென்றால் கேட்பது நீங்கள் இல்லை, அவர்களுடைய ஆடிட்டரே கேட்பார். 2024 பிப்ரவரி, மார்ச்சில் பல வருடப் பாக்கிகள் கூட வந்து சேர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். குறை எங்கே என்றால், கெடு தாண்டினாலும் அதே நிதியாண்டுக்குள் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆகவே மே மாத பில்லை ஜனவரியில் கொடுத்தாலும் அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். காசு மார்ச்சில் மட்டும் வருகிறது. அரசு இதில் ஒரு வாக்கியத்தை மாற்றினால் போதும், வருடம் பூராவும் பணம் வரும்.

சில கம்பெனிகள் அப்போது வேறு வேலையும் செய்தன. 'உத்யம் பதிவை ரத்து செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் பதிவு இல்லாத ஆளிடம் வாங்கிக்கொள்கிறோம்' என்று சப்ளையர்களிடம் சொன்னார்கள். உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால் செய்துவிடாதீர்கள். சிறுதொழில் என்று அரசிடம் செய்திருக்கிற அந்தப் பதிவு போனால் 45 நாள் போகும், வட்டி போகும், வங்கியில் கிடைக்கிற முன்னுரிமையும் போகும். மாறாக, உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் பெரிதாக அச்சடியுங்கள். டெலிவரி சலானில் தேதியோடு முத்திரை வாங்காமல் வண்டியை விடாதீர்கள், நாள் எண்ணுவது அங்கிருந்துதான். சரக்கில் குறை இருந்தால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். 80-ஆம் நாள் பணம் கேட்கும்போது 'அதில் ரிஜெக்‌ஷன் இருக்கிறதுங்க' என்று வாயால் சொல்வது செல்லாது. இதையெல்லாம் செய்வதற்கு நீங்கள் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. மார்ச்சில் அவர்கள் ஆடிட்டர் பட்டியல் எடுக்கும்போது உங்கள் பெயர் அதில் இருக்கும், அதுதான் வேண்டும்.

டிரெட்ஸ் என்று ஒன்றும் இருக்கிறது, பெரிய கம்பெனிகளுக்கு வேலை செய்தால் அதைப் பற்றிக் கேளுங்கள். ரிசர்வ் வங்கி 2014-இல் விதிமுறை வகுத்த இணையச் சந்தை. கம்பெனி உங்கள் பில்லை அதில் ஒப்புக்கொண்டால் போதும், வங்கிகள் ஏலம் கேட்டு, உங்களுக்கு ஓரிரு நாளில் வட்டி கழித்துப் பணம் போட்டுவிடும். பிறகு கம்பெனி கொடுக்காவிட்டாலும் வங்கி உங்களிடம் வராது. கம்பெனியின் தரத்தைப் பார்த்து வட்டி போடுவதால் ரெண்டு வட்டியில் பாதிகூட ஆகாது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் இதில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் அறிவிப்பு வந்தது. ஆனால் சேர்வதுதான் கட்டாயம், பில்லை ஏற்றுவது கட்டாயம் இல்லை. பெயருக்குச் சேர்ந்துவிட்டு ஒரு பில்லைக்கூட ஏற்றாமல் இருக்க முடியும். சிறுதொழிலுக்கு அரசு உண்மையாக உதவ நினைத்தால் புதிதாக ஒரு மானியத் திட்டம் வேண்டாம், இந்த ஓட்டையை அடைத்தால் போதும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

மானியங்களையும் சொல்லிவிடுகிறேன், இருப்பதை இல்லை என்று சொல்லக்கூடாது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையிலான திட்டங்களுக்கு 15-இல் இருந்து 35 சதவீதம் வரை மானியம் கிடைக்கிறது, ஆனால் அது புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு. தமிழ்நாட்டில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மூலதன மானியம் உண்டு. சொத்து அடமானம் இல்லாமல் கடன் வாங்க 2000-த்தில் தொடங்கிய கடன் உத்தரவாத நிதி இருக்கிறது, அதன் உச்சவரம்பை 2025 ஏப்ரலில் இருந்து 10 கோடியாக ஏற்றிவிட்டார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் கவனித்துப் பாருங்கள், இவற்றில் பெரும்பாலானவை மெஷின் வாங்க. சி.என்.சி. (கம்ப்யூட்டரில் ஓடுகிற மெஷின்) வாங்க உதவி கிடைக்கும், அந்த சி.என்.சி.யில் வேலை செய்தவனுக்குச் சனிக்கிழமை சம்பளம் போடத்தான் கையில் காசு இருக்காது.

இனி அந்த ஒன்பது பேர் விஷயத்துக்கு வருகிறேன். 'ஒன்பது பேர் வரை எந்தப் பொறுப்பும் இல்லை' என்று நினைப்பதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்தானது. எனக்குத் தெரிந்த ஒரு பிரஸ் ஒர்க் பட்டறை, உண்மையிலேயே 8 பேர்தான், ஒளிவுமறைவு எதுவும் இல்லை. பவர் பிரஸ்ஸில் இருக்கிற தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள், அது இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு வருகிற பீஸ் குறையும் என்று. 30 வயதுப் பையன், பெடலில் கால் ஒரு நொடி முன்னால் பட்டுவிட்டது, வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. விரல்களை ஒரு கவரில் போட்டு ஐஸ் வைத்து எடுத்துக்கொண்டு ஓடினார்கள், ஒட்ட வைக்க முடியவில்லை. இ.எஸ்.ஐ. இல்லை என்பதால் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க முதலாளி கையில் இருந்து. அதோடு முடியவில்லை. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்துக்கு (2025 நவம்பரில் அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது) ஆள் எண்ணிக்கை கணக்கே கிடையாது, ஒரே ஒரு ஆள் இருந்தாலும் பொறுப்பு முதலாளிக்குத்தான். கணக்கு இப்படி: சம்பளத்தில் 60 சதவீதம் 9,000, 30 வயதுக்கு உரிய காரணி 207.98, பெருக்கினால் 18,71,820. ஒரே கையில் இரண்டு விரல் போனால் அதில் 20 சதவீதம், ஆக 3,74,364 ரூபாய். தாமதித்தால் 12 சதவீத வட்டி. அந்த முதலாளி ஒரு மில்லிங் மெஷினை விற்றுத்தான் கட்டினார். நல்ல மனிதர், ஒரு ரூபாய்கூடக் குறைத்துப் பேசவில்லை. இ.எஸ்.ஐ.யில் இருந்திருந்தால் வைத்தியம், ஊனத்துக்கான மாதாந்தரத் தொகை எல்லாம் அவர்கள் பொறுப்பு, முதலாளி மேல் இழப்பீட்டு வழக்கே வந்திருக்காது. அந்தப் பையனுக்கும் ஒரு தடவை வந்த மூன்றே முக்கால் லட்சத்துக்குப் பதில் ஆயுள் முழுக்க மாதாமாதம் வந்திருக்கும்.

உங்கள் நிலைமை இதை விட மோசம், மன்னிக்கவும், சொல்லித்தான் ஆக வேண்டும். உங்களிடம் 12 பேர் இருக்கிறார்கள், 9 பேர்தான் எழுத்தில். விபத்து அந்த எழுதாத மூன்று பேரில் ஒருவருக்கு நடந்தால் அவர் உங்களிடம் வேலை செய்தார் என்பதையே மறுக்க வேண்டிய நிலைமைக்கு நீங்கள் தள்ளப்படுவீர்கள். உங்கள் கேள்வியைப் படித்தால் அப்படிச் செய்கிற ஆளாக நீங்கள் தெரியவில்லை. மனைவி பேரில் இன்னொரு பெயர்ப்பலகை மாட்டி ஆட்களைப் பிரித்துக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொல்லுவார்கள். ஒரே கொட்டகை, ஒரே கரண்ட் இணைப்பு, ஒரே ஆட்கள் என்றால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பல வருடப் பாக்கியை அபராதத்தோடு கேட்பார்கள், நான் அந்த நோட்டீஸ்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

புதிய சட்டங்கள் பற்றி இருக்கிற பயத்தில் பாதி தேவையில்லாதது. 29 பழைய சட்டங்களைச் சேர்த்த நான்கு தொகுப்புகளும் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தன. 12 பேர் இருக்கிற பட்டறைக்கு அதில் முக்கியமானவை சில. எல்லாருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். வேலையை விட்டுப் போகிறவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கு முடிக்க வேண்டும். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மீதியை அலவன்ஸ் என்று எழுதுகிற பழக்கம் இனி செல்லாது, அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியதும் சம்பளமாகவே கணக்காகும். குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு வைக்கிற ஆளுக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு, மற்றவர்களுக்கு ஐந்து வருடம் வேண்டும். பணிக்கொடையை யாரும் ஒதுக்கி வைப்பதில்லை, அதனால்தான் அது வரும்போது இடியாக வருகிறது. 15,000 சம்பளத்துக்கு வருடத்துக்கு 8,650 சொச்சம், மாதம் 720 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் எந்தப் பயமும் இல்லை.

அதே தொகுப்புகளில் முதலாளிகளுக்குக் கொடுத்த சலுகைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆட்குறைப்பு செய்ய, ஆலையை மூட அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டிய அளவு 100 தொழிலாளரில் இருந்து 300 ஆகிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேருக்குப் பதில் 50 பேரில் இருந்துதான். கரண்டில் ஓடுகிற இடத்தை ஃபேக்டரி என்று சொல்ல 10 பேர் போதும் என்றிருந்தது, இப்போது 20. சிறுதொழிலுக்கு மூச்சு விட இடம் கொடுக்கிறோம் என்று சொல்லித்தான் இதைச் செய்தார்கள். 300 பேர் வரம்பால் உங்களுக்கு என்ன லாபம்? 250 பேர் வைத்திருக்கிற கம்பெனிக்கு லாபம், உங்களுக்கு 90 நாள் பாக்கி வைக்கிற கம்பெனியும் பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும். தொழிலாளியிடம் இருந்து எடுத்தது சின்னப் பட்டறைக்கு வந்து சேரவில்லை, நடுவிலேயே நின்றுவிட்டது.

வரம்புகள் என்றாலே எனக்குக் கோபம் வரும், இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பு 21,000, அது 2017 ஜனவரியில் வைத்தது. பி.எஃப். வரம்பு 15,000, அது 2014 செப்டம்பரில் வைத்தது. நல்ல சி.என்.சி. ஆபரேட்டர் யாரும் இன்று 21,000-க்குள் இல்லை. ஓவர்டைம் இல்லாமலே தாண்டிவிடுகிறார், அதோடு குடும்பத்துக்கே வைத்தியப் பாதுகாப்பு போய்விடுகிறது. தொழில் தெரிந்த ஆளுக்குச் சம்பளம் ஏற்றிக் கொடுத்தால் அவன் ஆஸ்பத்திரியை இழக்கிறான். குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று வைத்ததும் 2014-இல்தான். 10, 20 என்று தலையை எண்ணுவதற்குப் பதில் முதல் ஆளில் இருந்தே எல்லாரையும் சேர்த்து, முதல் பத்துப் பேருக்கான முதலாளி பங்கை அரசே சில வருடம் ஏற்றுக்கொண்டால், உங்களைப் போன்றவர்கள் ஒன்பதில் ஒளிந்துகொள்ள வேண்டியதே இருக்காது.

ஏற்கனவே பி.எஃப்.புக்குள் இருந்தவர்களுக்கு அரசு இதில் பாதியைச் செய்தும் இருக்கிறது. 99,446 கோடி ஒதுக்கி 2025 ஆகஸ்ட் 1-இல் தொடங்கிய பிரதமரின் விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா, 2027 ஜூலை 31 வரை சேர்க்கிற வேலைகளுக்குப் பொருந்தும். பி.எஃப். பதிவில் இருக்கிற, 50 பேருக்குக் குறைந்த நிறுவனம் கூடுதலாக இரண்டு பேரையாவது எடுத்து ஆறு மாதம் வைத்திருந்தால், 10,000-க்கு மேல் 20,000 வரை சம்பளம் வாங்குகிற ஒவ்வொரு கூடுதல் ஆளுக்கும் முதலாளிக்கு மாதம் 2,000, இரண்டு வருடத்துக்கு. உற்பத்தித் துறை என்றால் நான்கு வருடம். மேலே நாம் போட்ட பி.எஃப். கணக்கு ஆளுக்கு 1,950. அதாவது அரசு கொடுப்பது பி.எஃப். செலவை விட 50 ரூபாய் அதிகம். உங்களைப் போலவே 12 பேரில் இருந்தபோது தானாக முன்வந்து பி.எஃப்.பில் சேர்ந்த ஒரு பட்டறைக்காரர் எனக்குத் தெரியும், அவர் இப்போது புது ஆட்களை இந்தத் திட்டத்தில்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார். முதன்முதலாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு ஒரு மாதச் சம்பளம், 15,000 வரை, இரண்டு தவணையாக அவர்கள் கணக்குக்கே நேராகப் போகிறது.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் வேண்டாம் என்று ஆட்களே சொல்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான். பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் வந்த பையன்கள், 'கையில் வருவது குறையும், நான் ஆறு மாதத்தில் ஊருக்குப் போய்விடுவேன்' என்பார்கள். அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள், நான் பேசுவேன். பி.எஃப். எண் ஒன்றுதான், எந்த ஊருக்குப் போனாலும் கூடவே போகும். குடும்பம் ஊரில் இருந்தால் அங்கே இருக்கிற இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலேயே காட்டலாம். இதைக் கேட்டதும் தலையாட்டினவர்கள் நிறையப் பேர். நம் ஊர் ஆட்களிடம் நான் சொல்வது வேறு ஒன்று. ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் போய்விட்டார். வேலை நேரத்தில் நடந்த சாவு இல்லை, முதலாளிக்குச் சட்டப்படி எந்தப் பொறுப்பும் இல்லை. ஆனால் பி.எஃப். இருந்ததால் அதோடு ஒட்டின காப்பீட்டுப் பணம் வந்தது, இந்தக் காப்பீட்டில் 7 லட்சம் வரை கிடைக்கும். அவர் மனைவிக்கு மாத ஓய்வூதியமும் வருகிறது. அந்த அக்கா கையெழுத்துப் போட வந்தபோது, "இந்தப் பிடித்தம் எதுக்குன்னு நாந்தான் அவரத் திட்டுவனுங்க" என்று சொல்லி அழுதார்.

ஆகவே ஆர்டரை எடுங்கள், ஆனால் வரிசையை மாற்றிச் செய்யுங்கள். ஆர்டர் பேசும்போதே கூலிச் செலவு 16.25 சதவீதம் கூடும் என்று விலையில் கணக்கு வைத்துப் பேசுங்கள், பீஸ் விலையை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு பி.எஃப்.புக்கு இடம் தேடினால் கிடைக்காது. 45 நாள் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதச் சொல்லுங்கள். டிரெட்ஸில் பில்லை ஏற்றுவீர்களா என்று அப்போதே கேளுங்கள், ஆர்டர் கொடுக்கிற நேரத்தில் கேட்பதற்கு இருக்கிற பலம் பில் போட்ட பிறகு கேட்பதற்குக் கிடையாது. இந்த வாரமே இருக்கிற 12 பேரையும் பதிவேட்டில் எழுதி இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்யுங்கள். பழைய பாக்கியைக் கேட்பார்களே என்று தயங்குவீர்கள். பழைய காலத்தைக் கேட்காமல் சேர்த்துக்கொள்கிற ஸ்ப்ரீ போன்ற வாய்ப்பு 2025 ஜூலையில் ஒரு தடவை வந்தது, அதில் சேராமல் காத்திருந்தவர்களுக்கு அதனால் லாபம் எதுவும் வரவில்லை. நீங்களாகப் போய்ப் பதிவு செய்வதற்கும் இன்ஸ்பெக்டர் வந்து எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் இரண்டு பக்கமும் பார்த்தவன்.

அப்புறம், புதிதாக எட்டுப் பேரை எடுக்கும்போது முதல் நாளே நியமனக் கடிதமும் இ.எஸ்.ஐ. எண்ணும் கையில் கொடுங்கள். 'லேத்துக்கு ஆளே கிடைப்பதில்லை' என்று கோவையில் எல்லாப் பட்டறைக்காரர்களும் சொல்கிறார்கள் இல்லையா, என்னிடம் சலான் போடுகிற பட்டறைகளில் இருந்து ஆட்கள் விலகிப் போவது குறைவு, இதை நான் பல வருடமாகப் பதிவேட்டில் பெயர் மாறாமல் இருப்பதை வைத்துச் சொல்கிறேன். பிரஸ் மெஷின் இருந்தால் அதன் தடுப்பைக் கழற்ற விடாதீர்கள்.